ஓடுவதற்கு முன் ரொட்டி வேண்டாம்: விடியக்காலை உடற்பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

போன மார்கழியில் எங்கள் மைதானத்துக்குப் புதிதாக ஒரு தம்பி வந்தான். இருபது வயது இருக்கும். ஐந்தரைக்கு வரச்சொன்னால் ஐந்து இருபதுக்கே கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கேற்றடியில் நிற்கிறான். முதல் ரவுண்டில் எங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு போனான், இரண்டாவதில் எங்களோடு வந்தான், மூன்றாவதில் ஆளைக் காணோம். திரும்பிப் பார்த்தால் கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறான். பக்கத்தில் போனதும் கட்ட சம்பல் மணம். "என்ன சாப்பிட்டு வந்தாய்?" என்று கேட்டால், "ரெண்டு ரொட்டி அண்ணே, அம்மா வெறும் வயித்தோட போக விடல" என்கிறான்.

அதே வாரம் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. வெறும் வயிற்றில் ஓடினால்தான் கொழுப்பு கரையும் என்று போனில் எங்கேயோ பார்த்துவிட்டு, முதல்நாள் ராத்திரியும் ஒன்றும் சாப்பிடாமல் ஓர் அக்கா வந்திருந்தார். ஸ்கிப்பிங் கயிற்றோடு நூறு எண்ணுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று ஈரப்புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஹட்டன் பக்கம் நான் பத்து வருடமாக விடிய எழும்பி ஓடுகிறேன், புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டும் போகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் இந்த இரண்டில் ஒரு வகைதான். ஒன்று ரொட்டி, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

அம்மா சொன்னதில் தப்பில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆச்சி கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய தடித்த ரொட்டி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பெரட்டுக்கு (தோட்டத்தில் விடிய வேலை பிரித்துக் கொடுக்கிற இடம்) போவார். அந்த ரொட்டியில் 100 கிராம் மா இருந்தாலே 70, 75 கிராம் மாப்பொருள் (கார்போஹைட்ரேட்), அதற்கு மேல் தேங்காயின் கொழுப்பு. கொழுப்பு சேர்ந்த சாப்பாடு வயிற்றைவிட்டு இறங்க நேரம் எடுக்கும், மூன்று நான்கு மணித்தியாலம் கூட ஆகலாம். கூடையோடு நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கிறவருக்கு அதுதான் தேவை, மெதுவாக இறங்கி மெதுவாகவே சக்தி கொடுக்க வேண்டும். நீங்களோ அரை மணி கழித்து நாற்பது நிமிடம் மூச்சு வாங்க ஓடப்போகிறீர்கள். ஓடும்போது இரத்தம் காலுக்கும் நெஞ்சுக்கும் ஓடுகிறது, வயிற்றுக்குப் போவது குறைந்துவிடுகிறது. ரொட்டி அப்படியே கிடக்கிறது, நீங்கள் குலுக்குகிறீர்கள், அது வந்த வழியே வருகிறது. அது வேறு வேலைக்கான ரொட்டி, அவ்வளவுதான்.

முதலில், எதற்கு எழும்புகிறீர்கள் என்று பாருங்கள்

எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டுக் கணக்கு கிடையாது. நுவரெலியா கிரகரி வாவியைச் சுற்றிப் பேசிக்கொண்டே அரை மணி, முக்கால் மணி நடக்கிறவருக்கும், ஹட்டன் டன்பார் மைதானத்தில் வேக ஓட்டம் பழகுகிற பாடசாலைப் பிள்ளைக்கும், ஜிம்மில் பாரம் தூக்குகிறவருக்கும் வேண்டியது வேறு வேறு.

நடை, மெதுவான ஓட்டம், யோகா என்று முக்கால் மணிக்குள் முடிகிற வேலை என்றால், உங்களுக்கு வேறு வருத்தம் ஒன்றும் இல்லாதவரை, தண்ணீர் குடித்துவிட்டு அப்படியே போகலாம். ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க வேண்டும், அந்த ஒரு நிபந்தனைதான். ஏற்றத்தில் ஓடுவது, ஸ்கிப்பிங், பாரம் தூக்குவது, அல்லது ஒரு மணியை நெருங்குகிற எதுவானாலும் கொஞ்சம் உள்ளே போட்டுக்கொண்டு போவது நல்லது. ஒரு மணிக்கு மேலே போகிற வேலைக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும், அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

காரணம் இதுதான். உடம்பு மாப்பொருளை இரண்டு இடத்தில் சேர்த்து வைக்கிறது. தசைகளில் 400 கிராம் அளவில், ஈரலில் 100 கிராம் அளவில். நீங்கள் தூங்கும்போது தசையில் இருப்பது பெரிதாகக் குறைவதில்லை, ஆனால் மூளைக்கு ராத்திரி முழுக்கச் சீனி அனுப்புவது ஈரல்தான், ஆகவே விடியும்போது அங்கே பாதி அளவு தீர்ந்திருக்கும். கால்கள் ஓடத் தயார், தலைதான் சுற்றுகிறது என்று பலர் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த அக்காவின் விஷயத்தில் ராத்திரிச் சாப்பாடும் இல்லை, ஆக மதியம் சாப்பிட்டதோடு பதினாறு மணித்தியாலம்!

வெறும் வயிற்றில் ஓடினால் அந்த நேரத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக எரியும் என்பது உண்மைதான். ஆனால் உடம்பு மீதி நாளில் அதைச் சரிக்கட்டிக்கொள்கிறது. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 20 இளம் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெறும் வயிற்றிலும் மறு பகுதிக்குச் சாப்பிட்ட பிறகும் நான்கு வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் எடை குறைந்தது, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மயங்கி விழுகிற அளவுக்குப் பட்டினி கிடந்து ஓடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வேலை ராத்திரியே தொடங்குகிறது

விடிய என்ன சாப்பிடலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, நேற்று ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதுதான். நம் வீடுகளில் வேலை முடிந்து, பிள்ளைகள் படித்து, நாடகம் பார்த்து, ஒன்பதரைக்குத்தான் சோற்றுப் பானை இறங்கும். ஒன்பதரைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நாலேமுக்காலுக்கு எழும்பினால் பசியும் இருக்காது, வயிறும் கனமாக இருக்கும், புளித்த ஏப்பம் வேறு. முடிந்தால் ஏழரை, எட்டுக்குள் முடித்துவிடுங்கள். சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, மீனோ முட்டையோ இருந்தால் அது, அவ்வளவு போதும். மறுநாள் கடினமான ஓட்டம் என்றால் சோற்றைக் குறைக்க வேண்டாம், நாளைக்கு ஓடப்போவது அந்தச் சோறுதான். கோவாவும் கடலையும் சிலருக்கு வாயு கட்டும், அப்படிப்பட்டவர்கள் அதை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கட்ட சம்பலை ராத்திரி அள்ளிப் போட்டால் விடிய நெஞ்செரிவு வரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னொன்று, விடிய சாப்பிடப்போவதை ராத்திரியே எடுத்து வையுங்கள். அந்தக் குளிரில் நித்திரைக் கண்ணோடு அடுப்பு மூட்டிச் சமைப்பேன் என்று நினைக்கிறவர்கள் மூன்றாவது நாளே கம்பளிக்குள் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் குசினி மேசையில் மூன்று பொருள்கள் ராத்திரியே வந்துவிடும். சுடுதண்ணி நிரப்பிய பிளாஸ்க், ஒரு கோப்பை, வாழைப்பழம் ஒன்றோ அவித்த உருளைக்கிழங்கு ஒன்றோ. கோப்பைக்குள் சீனி கூட போட்டே வைத்திருப்பேன். எறும்பு வராமல் மேலே ஒரு தட்டு கவிழ்த்துவிடுங்கள்.

கிழங்கை ஏன் ராத்திரியே அவிக்கச் சொல்கிறேன் என்றால் அதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. மலையில் உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர், 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கிறது. தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைப்போம், கிழங்கோ கடலையோ உள்ளே கல்லு மாதிரி இருக்கும். கொழும்பிலிருந்து வந்த என் மச்சான் ஒருமுறை இப்படிப் பாதி வெந்த கிழங்கைத் தின்றுவிட்டு ஓட வந்து, எங்களுக்கு அன்றைக்கு ஓட்டத்தைவிடச் சிரிப்புத்தான் அதிகம். பிரஷர் குக்கர் இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை, இல்லாவிட்டால் நேரம் கொடுத்து அவியுங்கள்.

எழும்பியதும் தண்ணீர், அப்புறம்தான் தேத்தண்ணி

குளிரில் தாகம் தெரியாது. தெரியாது என்பதற்காகத் தேவையில்லை என்று ஆகாது. ராத்திரி முழுக்க மூச்சோடு தண்ணீர் போகிறது, குளிரில் சிறுநீரும் கூடுதலாகப் போகிறது, விடிய ஓடும்போது வாயிலிருந்து வருகிற அந்த வெள்ளைப் புகையும் உங்கள் உடம்புத் தண்ணீர்தான். எழும்பியதும் ஒரு கிளாஸ், 200 முதல் 300 மில்லிலீட்டர் வரை குடியுங்கள். குழாய்த் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும், அதற்காகவே பிளாஸ்க் வைக்கச் சொன்னேன், கொஞ்சம் கலந்து இளஞ்சூடாகக் குடியுங்கள். ஒரேயடியாக அரைப் போத்தலைக் கவிழ்த்தால் ஓடும்போது வயிற்றுக்குள் களக் களக் என்று சத்தம் கேட்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் நேற்று முழுக்கக் குறைவாகக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதை ஐந்து நிமிடத்தில் சரிப்படுத்த முடியாது, இன்றைக்குப் பகலில் கூடக் குடியுங்கள்.

இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு இன்னொரு பயனும் உண்டு, வயிற்றைக் கிளப்பிவிடும். லயத்தில் இருக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. நாலைந்து வீட்டுக்கு ஒரு டொய்லட் என்றால் ஐந்து மணிக்கு மேல் வரிசை. பதினைந்து நிமிடம் முன்னால் எழும்பி, குடித்து, போய்விட்டு வந்து, அதற்குப் பிறகு சப்பாத்து மாட்டுங்கள். இதைப் பேசக் கூச்சப்பட்டு, இரண்டாவது கிலோமீட்டரில் தேயிலைப் பற்றைகளைத் தேடி ஓடியவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்.

தேத்தண்ணி இல்லாமல் மலைநாட்டில் யாரையும் எழுப்ப முடியாது, அதனால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. பிளேன்டீ நல்லதே. ஒரு கோப்பையில் ஏறக்குறைய 40 மில்லிகிராம் கஃபீன் இருக்கும், அது முழுதாக வேலை செய்ய முக்கால் மணி முதல் ஒரு மணி வரை ஆகும், ஆகவே எழும்பியதும் குடித்தால் ஓட்டத்தின் நடுவில் கைகொடுக்கும். மூன்று தேக்கரண்டி சீனி போட்டால் 12 முதல் 15 கிராம் மாப்பொருளும் உள்ளே போகிறது. உள்ளங்கையில் சீனியோ கித்துள் கருப்பட்டியோ வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடிக்கிற நம் பெரியவர்கள் தெரியாமலேயே நல்ல காரியம் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் பால்மா மூன்று கரண்டி போட்டுக் கெட்டியாக ஊற்றுகிற பால் தேத்தண்ணி வேறு கதை. பால் பலருக்கு வயிற்றில் நிற்காது, ஓடும்போது பொருமிக்கொண்டு வரும். அதை ஓடி முடித்த பிறகு குடியுங்கள். கேஸ்ட்ரைட்டிஸ் இருக்கிறவர்கள் வெறும் வயிற்றில் கடும் சாயமாகக் குடிக்க வேண்டாம், ஒரு பிஸ்கட்டையாவது முதலில் கடியுங்கள்.

என்ன, எவ்வளவு

மணிக்கூட்டைப் பார்த்து முடிவெடுங்கள், பசியைப் பார்த்து அல்ல. விடிய ஐந்து மணிக்குப் பசி என்பது நம்ப முடியாத சாமான், சிலருக்கு வரவே வராது, சிலருக்கு வந்தால் விடாது.

ஓடத் தொடங்க இன்னும் அரை மணிதான் இருக்கிறது என்றால் 20 முதல் 30 கிராம் மாப்பொருள், அதுவும் நார், கொழுப்பு, காரம் குறைந்ததாக. இதை வீட்டுச் சாமான்களில் சொன்னால், நடுத்தர வாழைப்பழம் ஒன்று, அல்லது பாண் இரண்டு துண்டு, அல்லது மேரி பிஸ்கட் நாலைந்து, அல்லது பேரீச்சம்பழம் நான்கு, அல்லது முட்டையைவிடக் கொஞ்சம் பெரிய அவித்த உருளைக்கிழங்கு ஒன்று, உப்புத் தூவி. இதில் ஒன்று, ஐந்தும் அல்ல! வாழைப்பழத்தில் கோழிக்கூட்டு வயிற்றுக்கு மெதுவாக இருக்கும். புளி வாழை சிலருக்குப் புளித்துக்கொண்டு வரும். ஆனைவாழை பெரியது, பாதி போதும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கிழங்குதான், வெலிமடைக் கிழங்கை ராத்திரி அவித்துத் தோலோடு வைத்து, விடிய உரித்து உப்பும் ஒரு துளி மிளகும் போட்டு நின்றபடியே தின்றுவிட்டுக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குக் கவலையில்லை.

ஒரு மணி நேரம் இருக்கிறது என்றால் கொஞ்சம் கூட்டலாம், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாப்பொருள் வரை. 60 கிலோ ஆளுக்கு 60 கிராம். பாண் மூன்று துண்டில் மெல்லிசாக ஜேம், ஒரு பிளேன்டீ. அல்லது சமபோஷ சத்துமாவைச் சுடுதண்ணியில் குழைத்து இரண்டு உருண்டை. அல்லது குரக்கன் கஞ்சி ஒரு கோப்பை, தேங்காய்ப்பால் இல்லாமல். வல்லாரைக் கஞ்சி நல்ல சாமான்தான், ஆனால் தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்ச்சியதை ஓடுவதற்கு முன் குடிக்காதீர்கள்.

பத்தே நிமிடம்தான் இருக்கிறது, நித்திரையாகிவிட்டது என்றால் சீனி போட்ட பிளேன்டீ அரைக் கோப்பை, அல்லது அரை வாழைப்பழம், கிளம்புங்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிலருக்கு அரை மணிக்கு முன்னால் இனிப்பாக ஏதாவது சாப்பிட்டால் ஓட்டம் தொடங்கும்போது கை நடுங்கும், சோர்ந்துவிடுவார்கள். சீனி ஏறியதும் இன்சுலின் சுரந்து, அதே நேரம் தசையும் சீனியை இழுக்க, கொஞ்ச நேரத்துக்கு இரத்தச் சீனி இறங்கிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அப்படி நடந்தாலும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் அதே இனிப்பைத் தொடங்குவதற்கு ஐந்து பத்து நிமிடம் முன்னால், கை கால் அசைத்துச் சூடேற்றும்போது சாப்பிட்டுப் பாருங்கள்.

தொடாதவை: பஸ் ஸ்டாண்ட் கடை வடை, ரோல்ஸ், பட்டீஸ், நேற்றைய கொத்து ரொட்டி மீதி, தேங்காய்ச் சம்பல், பாதி வெந்த கடலை.

ஒன்றுமே இறங்கவில்லை, விடிய வாயில் வைத்தாலே குமட்டுகிறது என்கிறவர்கள் கட்டாயப்படுத்த வேண்டாம். முதல் வாரம் நாலு மிடறு சீனித் தேத்தண்ணி, அடுத்த வாரம் அதோடு ஒரு பிஸ்கட், அதற்கடுத்த வாரம் அரை வாழைப்பழம் என்று பழக்கினால் வயிறு பழகிவிடும். ஆனால் புதிய சாப்பாட்டைப் போட்டி நாளில் முயற்சி செய்யாதீர்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு அன்றைக்குப் பார்த்து யாரோ ஒரு பக்கெட் குளுக்கோஸை ஒரே மூச்சில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள், பிள்ளை தொடங்கும் கோட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நானே அப்படி ஒரு 1500 மீட்டரைக் கோட்டை விட்டவன்.

சீனி வருத்தம் இருந்தால் இந்தக் கணக்கு வேறு

இங்கே கொஞ்சம் நின்று வாசியுங்கள். நான் வைத்தியன் அல்ல, உங்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுக்கிறவர்களுக்கும் வெறும் வயிற்றில் உடற்பயிற்சி செய்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மெட்ஃபோமின் மட்டும் எடுக்கிறவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. குளுக்கோமீட்டர் இருந்தால் கிளம்புவதற்கு முன் ஒருமுறை குத்திப் பாருங்கள். 90க்குக் கீழே (mg/dL கணக்கில்) இருந்தால் 15 முதல் 30 கிராம் மாப்பொருள் சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 250க்கு மேலே இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம், வைத்தியரைப் பாருங்கள்.

பொக்கற்றில் எப்பொழுதும் நாலு டொஃபியோ ஒரு சிறிய பை சீனியோ இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் நிறுத்திவிட்டு மூன்று தேக்கரண்டிச் சீனி அளவு சாப்பிட்டு, 15 நிமிடம் உட்கார்ந்து, தேறவில்லை என்றால் இன்னொருமுறை சாப்பிடுங்கள். குளிரில் வியர்ப்பதே ஓர் அடையாளம்தான், எல்லாரும் நடுங்குகிற இடத்தில் இவர் நடுங்குவதை யாரும் கவனிக்கமாட்டார்கள், ஆகவே கூட வருகிறவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, 1990க்கு அழைத்து சுவசெரிய அம்பியூலன்ஸை வரவழையுங்கள்.

கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் மிஸ்ஸியிடம் கேளுங்கள், வெறும் வயிற்றோடு மட்டும் வர வேண்டாம். இரத்தம் குறைவு என்று சொல்லப்பட்டவர்கள், தோட்டத்தில் இது நிறையப் பேருக்கு இருக்கிறது, தேத்தண்ணியையும் இரும்புச்சத்துக் குளிசையையும் ஒன்றாக எடுக்காதீர்கள். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது, குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், சாப்பாட்டுக்கும் அப்படித்தான். எவ்வளவு சாப்பிட்டாலும் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்கிற பெண்கள் வாழைப்பழத்தை விட்டுவிட்டு முதலில் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

விரத நாளா? நடந்துவிட்டு வாருங்கள், ஓட்டம் மறுநாள்.

ஒரு மணிக்கு மேலே போகிற நாள்

சிவனொளிபாதமலை ஏறுவதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்வதில்லை, ஆனால் நம் ஆட்கள் வருடத்தில் செய்கிற பெரிய உடற்பயிற்சியே அதுதான். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சீசன். நல்லதண்ணியிலிருந்து ஏறக்குறைய 5,500 படிகள், உச்சி 2,243 மீட்டர். சூரிய உதயம் பார்க்க ராத்திரி இரண்டு மணிக்கு ஏறத் தொடங்குகிறார்கள், ஆனால் சாப்பிட்டது எட்டு மணிக்கு. பாதி வழியில் காலில் பலமில்லை என்று உட்கார்ந்துவிடுகிறவர்களில் நிறையப் பேருக்குக் காலில் ஒன்றும் இல்லை, வயிற்றில்தான் ஒன்றும் இல்லை.

இதற்கு ரொட்டி சரிவரும், ஏனென்றால் இது ஆச்சியின் வேலை மாதிரி, மெதுவாக, நீளமாக. ஏறுவதற்கு ஒன்றரை மணி முன்னால் அரை ரொட்டி, கொஞ்சம் சீனி தூவி. ஏறும்போது மணிக்கு 30 கிராம் மாப்பொருளாவது உள்ளே போக வேண்டும், கடினமாக ஏறினால் 60 வரை. முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ நாலைந்து பிஸ்கட்டோ, பசிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், பசி வந்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்குப் போய்ச் சேர நேரமாகும். வழிக்கடைகளில் ஒவ்வொன்றிலும் தேத்தண்ணி கிடைக்கும், சீனி கூடப் போடச் சொல்லுங்கள். நீண்ட தூரம் ஓடிப் பழகுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஒரு மணிக்குள் முடிகிற ஓட்டத்துக்கு இதெல்லாம் தேவையில்லை, ஜீவனி கரைத்துக் குடிப்பதும் அப்படித்தான், அது வயிற்றோட்டத்துக்கானது.

முடிந்ததும்

புதிதாக வருகிறவர்கள் விடுகிற கடைசிப் பிழை, ஓடிவிட்டு ஒன்றுமே சாப்பிடாமல் அப்படியே வேலைக்கு ஓடுவது. ஒரு மணி, இரண்டு மணிக்குள் ஒழுங்கான காலைச் சாப்பாடு சாப்பிட வேண்டும், அதில் 20 கிராம் அளவில் புரதம் இருந்தால் தசைக்கு நல்லது. இரண்டு முட்டையில் 12 கிராம் வந்துவிடும், ஒரு கரண்டி பருப்போ அவித்த கடலையோ சேர்த்தால் சரி. முட்டை விலைக்கு ஒன்றுதான் முடியும் என்றால் பருப்பைக் கூட்டுங்கள். கொழுந்துக்குப் போகிற அக்காமார் எப்படியும் பெரட்டுக்கு முன் சாப்பிடுவார்கள், நீங்கள் உங்கள் நடையை அதற்கு முன்னால் வைத்துக்கொண்டால் போதும், தனியாக ஒன்றும் தேவையில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு பழைய கொப்பியில் குறித்து வையுங்கள்: ராத்திரி எத்தனை மணிக்கு, விடிய என்ன, எத்தனை நிமிடம் முன்னால், ஓடும்போது வயிறு எப்படி. பெரிய எழுத்து ஒன்றும் வேண்டாம், "கிழங்கு, 30, சரி" என்று எழுதினால் போதும். பதினான்கு வரி சேர்ந்ததும் உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும், என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

அந்தத் தம்பியின் கொப்பியில் முதல் வரி "ரொட்டி 2, சத்தி". இப்பொழுது கோழிக்கூட்டு ஒன்றும் பிளேன்டீயும், எட்டு ரவுண்டு நிற்காமல் ஓடுகிறான். அம்மா மட்டும் விடவில்லை, ரொட்டி இப்பொழுதும் வருகிறது, லஞ்ச் ஷீட்டில் சுற்றி பேக்குக்குள். ஆறரைக்கு ஓட்டம் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பிரிக்கும்போது, கட்ட சம்பலுக்காகவே நாங்கள் நாலு பேர் பக்கத்தில் போய் உட்காருவோம்.